கடைசியாக எங்கே எண்ணெய் ஊற்றினாய்?

2017 நவம்பர் 4, சனிக்கிழமை இரவு மலேசியாவின் பினாங்கில் அடித்த மழையையும் காற்றையும் இங்கே இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மரங்கள் சாய்ந்தன. விடிவதற்குள் தீவிலும் பெருநிலத்திலும் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஜெலுத்தோங்கில் நாங்கள் இருப்பது அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மைவி காரையும் மேடான இடத்தில் நிறுத்தியிருந்ததால் அதுவும் தப்பித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளம் என் காருக்குள் ஒரு வாரம் கழித்து வந்தது, எண்ணெய் ஊற்றும் குழாய் வழியாக.

பெட்ரோலை இங்கே நாங்கள் எண்ணெய் என்றுதான் சொல்வோம். மலாய்க்காரர்கள் மினியாக் என்பதை அப்படியே தமிழில் சொல்லிப் பழகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மாவை அழைத்துக்கொண்டு பெருநிலத்தில் பட்டர்வொர்த்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குக் கிளம்பினேன். போகும் வழியில் ஒரு நிலையத்தில் 50 வெள்ளிக்கு, அதாவது 50 ரிங்கிட்டுக்கு, ரோன் 95 என்ற வகைப் பெட்ரோல் ஊற்றினேன். தொட்டியில் ஏற்கெனவே இருந்தது அடிமட்டம்தான், அதனால் உள்ளே இருந்தது பெரும்பாலும் புது எண்ணெய். நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு வாரத்துக்கு முன் அந்தச் சாலையில் முட்டியளவு தண்ணீர் நின்றது என்பது மட்டும் போதும்.

கடலோர விரைவுச்சாலையில் போகும்போதே கார் ஒரு தடவை லேசாகத் தடுக்கியது. நான் பொருட்படுத்தவில்லை. பினாங்குப் பாலம் மொத்தம் 13.5 கிலோமீட்டர். கீழே கப்பல் போவதற்காக நடுவில் உயர்ந்து, அப்புறம் இறங்கும். அந்த ஏற்றத்தில்தான் கார் இழுக்க மறுத்தது. மிதித்தால் குலுங்கியது, காலை எடுத்தால் சமாளித்தது, மறுபடி மிதித்தால் மறுபடி குலுங்கியது. "என்னடி, வண்டி விக்குது?" என்றார் அம்மா. அதே நேரத்தில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்ன ஆரம்பித்தது.

அந்த விளக்கைப் பற்றி அன்று எனக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால், ஏதோ ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று பொருள், பெரும்பாலும் மெதுவாகப் பட்டறை வரைக்கும் போகலாம். அது மின்னினால் நிலைமை வேறு. சிலிண்டர்களில் எரிய வேண்டிய பெட்ரோல் எரியாமல் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பெட்ரோல் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை அளவுக்கு மீறிச் சூடாக்கி உருக்கிவிடும். அதை மாற்றும் செலவு, நான் அன்று செய்த மொத்தச் செலவைவிடப் பல மடங்கு. மின்னும் விளக்கோடு வண்டியை விரட்டக் கூடாது.

நானோ பாலத்தைத் தாண்டிவிட்டால் போதும் என்று விரட்டினேன். இறக்கம் முடியும் இடத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. நான்கு விளக்கையும் போட்டு, இடது ஓரமாக உருட்டி நிறுத்தி, மோட்டார் சைக்கிள்கள் வருகின்றனவா என்று பார்த்து, அம்மாவை இடப்பக்கமாக இறக்கித் தடுப்பை ஒட்டி நிற்க வைத்தேன். ரோந்து வண்டி வந்து பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோனது. அத்தையின் கணவர் முப்பது வருடம் பஸ் டிப்போவில் வேலை செய்த போமேன். மெக்கானிக்கை இங்கே எல்லாரும் போமேன் என்பார்கள். அவரைக் கூப்பிட்டால், ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார். புதன்கிழமைதான் திரும்புவார். அதனால் பிறை என்ற ஊரில், கிட்டத்தில் இருந்த ஒரு பட்டறைக்குக் காரை இழுத்துப் போனோம்.

அங்கே இருந்த பையன், காரின் கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினான். பி0300 என்று வந்தது. "மிஸ்ஃபயர் அக்கா. பிளக்கும் காயிலும் போச்சு" என்றான். சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் விட்டுப்போவதுதான் மிஸ்ஃபயர். பற்றவைக்கப் பொறி போடுவது பிளக், அதற்கு மின்சாரம் கொடுப்பது காயில். நான்கு பிளக், இரண்டு காயில், கூலியோடு 420 வெள்ளி. கார் ஓடியது. நானும் நிம்மதியாக அத்தை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மாலையில் வீடு திரும்பினேன். கழற்றிய பழைய பிளக்குகள் எப்படி இருந்தன என்று அவன் பார்க்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

திங்களும் செவ்வாயும் பள்ளிக்குப் போய் வந்தேன். அவ்வப்போது ஒரு தடுக்கல். புதன் காலை ஆறரைக்குச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவே இல்லை. கிராப் கார் வரவழைத்து வேலைக்குப் போனேன். மதியம் மாமா, அத்தையின் கணவர், ஃபெரியில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் பானெட்டைத் திறப்பார் என்று நான் திறப்பானை இழுத்துக்கொண்டு நின்றேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "பாப்பா, கடைசியா எங்க எண்ணெய் ஊத்துனே?" என்றார். சொன்னேன். "எவ்வளவுக்கு? அதுக்கு முன்னால தொட்டியில எவ்வளவு இருந்துச்சு? ஊத்தி எவ்வளவு தூரம் ஓடுனதும் ஆரம்பிச்சது? ஏத்தத்திலயா, சமதரையிலயா?" எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிறை பட்டறைப் பில்லை வாங்கிப் பார்த்தார். பி0300 என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் கோளாறு. 0302 என்றால் இரண்டாவது. 0304 வரைக்கும் அப்படித்தான். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் அடம்பிடித்தால் அதன் பிளக், காயில், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் என்று தேடலாம். 0300 என்பது குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்று இல்லாமல் மாறி மாறி எல்லாவற்றிலும் விட்டுப்போகிறது என்று சொல்வது. காயில் ஒவ்வொன்றாகத்தான் சாகும், ஒரே காலையில் எல்லாம் சேர்ந்து சாவது மிக அரிது. மாமா சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது: "வீட்ல நாலு பேருக்கும் ஒரே நாள்ல வயித்தால போச்சுன்னா, முதல்ல என்ன சமைச்சோம்னு தானே பார்ப்போம்?"

பிறகு எண்ணெய் அழுத்தத்தை அளந்தார். ஏறக்குறைய மூன்று பார், சரியாகவே இருந்தது. பல பட்டறைகள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகின்றன என்றார். அழுத்தம் சரி, ஆகவே எண்ணெய்ப் பக்கம் ஒன்றும் இல்லை என்று முடிவு செய்து, காயில், சென்சார், கம்ப்யூட்டர் என்று போய்விடுவார்கள். பம்புக்குப் பெட்ரோலும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான், எதைக் கொடுத்தாலும் அதே அழுத்தத்தில் தள்ளும். எவ்வளவு வருகிறது என்பதை அந்த அளவி சொல்லும். என்ன வருகிறது என்று பார்க்க, கண்ணாடி பாட்டிலைவிட நல்ல கருவி கிடையாது.

காரைத் திறந்தவெளியில் சமதரைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றினார். பக்கத்தில் சிகரெட்டோடு நின்ற ஒருவரைத் தூரமாகப் போகச் சொன்னார். கைப்பேசிகளை என்னிடம் கொடுத்து மாடியில் வைத்துவிட்டு, கயா என்னும் தேங்காய் ஜாம் வந்த பாட்டில் இரண்டைக் கழுவி, நன்றாகத் துடைத்து எடுத்து வரச் சொன்னார். பாட்டிலில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் சோதனை பொய்யாகிவிடும் என்பதால், நான் வெயிலில் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்தே கொண்டு வந்தேன்.

பின் இருக்கையைத் தூக்கினால் எண்ணெய்ப் பம்பின் மூடி தெரியும். திறப்பதற்கு முன்னால் சுற்றியிருந்த தூசியைத் துணியால் ஒற்றி எடுத்தார், இல்லாவிட்டால் நாமே தொட்டிக்குள் மண்ணைப் போடுவதாக ஆகும். பம்பை எடுத்துவிட்டு, கைப்பம்பின் குழாயைத் தொட்டியின் மிகத் தாழ்வான மூலைக்கு விட்டு உறிஞ்சினார். குழாயை வாயில் வைத்து உறிஞ்சுபவர்களை நம் ஊரில் இன்னும் பார்க்கிறோம். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு வாய்ப் பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

பாட்டிலைச் சுவரோரம் அசையாமல் வைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். முதலில் கலங்கலாக இருந்தது. பிறகு மெல்ல, அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்கு மேலே இளமஞ்சள், கீழேயும் கிட்டத்தட்ட அதே வெளிறிய நிறம். நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 740 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கீழே இருப்பது தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் யாரிடமாவது காட்டுவதென்றால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டுமே. தீபாவளிக்கு வாங்கிய கேசரிப் பவுடர் சமையலறையில் மிச்சம் இருந்தது. ஒரு சிட்டிகை போட்டேன். பெட்ரோல் அடுக்கில் அது கரையாமல் மணல் மாதிரி இறங்கியது. கோட்டைத் தாண்டியதும் கீழ் அடுக்கு முழுக்க ஆரஞ்சு நிறமாக மாறியது. மாமா கைதட்டினார். "இந்தப் பஸ்காரனுக்கு முப்பது வருஷமா இது தோணல பாரு" என்றார்.

கேசரிப் பவுடர் போன்ற சமையல் நிறங்கள் தண்ணீரில்தான் கரையும், பெட்ரோலில் கரையாது. அதனால் இந்தச் சோதனையை யாரும் வீட்டிலேயே செய்யலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நிறம் போடும் பாட்டில் ஒன்று, சாட்சியாக எடுத்து வைக்கும் பாட்டில் வேறொன்று. இரண்டாவதில் எதையும் கலக்காமல், இறுக்கி மூடி, தேதியும் நேரமும் எழுதி ஒட்டிவிட்டோம்.

தொட்டி முழுவதையும் காலி செய்து தேறவிட்டுப் பிரித்தால், தண்ணீர் மட்டும் பெரிய மினரல் தண்ணீர் போத்தலில் பாதி வந்தது. முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதோடு காப்பித்தூள் மாதிரி துருவும் வண்டலும். ஞாயிற்றுக்கிழமை பிளக் மாற்றியதும் கார் ஏன் ஓடியது என்ற கேள்விக்கு விடை அப்போதுதான் கிடைத்தது. பட்டறையில் மூன்று மணி நேரம் அசையாமல் நின்றதில் கலங்கியிருந்த தண்ணீர் அடியில் தனியாக ஒதுங்கியிருக்கிறது. பம்பின் வாய் அதற்குச் சற்று மேலே இருந்திருக்கும். ஏற்றம், வளைவு, சடன் பிரேக் என்று வரும்போதெல்லாம் தண்ணீர் அலைந்து பம்புக்குள் போகும். விட்டுவிட்டு வரும் இந்தத் தொல்லைதான் நம்மை ஏமாற்றுகிறது. சரியாகிவிட்டது என்று நினைக்க வைத்து, கடைசியில் ஒரு நாள் காலை அப்படியே நிறுத்திவிடுகிறது.

தண்ணீரை உறிஞ்சும் மருந்து என்று சின்னப் பாட்டிலில் விற்கிறார்களே, அதை ஊற்றினால் போதாதா என்று கீழ்வீட்டு அங்கிள் கேட்டார். அவற்றில் பல ஆல்கஹால் வகைகள். சில கரண்டித் தண்ணீரைத் தன்னோடு கலந்து எஞ்சின் வழியாக எரித்து அனுப்பிவிடும், ஈரப்பதத்துக்கு அது சரிதான். அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கிடக்கும் தொட்டிக்கு அது எந்த மூலைக்கு? இறக்குவதைத் தவிர வேறு வழி கிடையாது.

மறுநாள் மாமாவுக்குத் தெரிந்த பட்டறையில் மற்ற வேலைகள் நடந்தன. தொட்டியைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்துக் காயவிட்டார்கள். பம்பின் அடியில் இருக்கும் சல்லடை வலையை மாற்றினார்கள். ஃபில்டர் புதிது. குழாய்க்குள் மிச்சம் இருந்ததைத் தள்ளி வெளியேற்ற ஐந்து லிட்டர் நல்ல பெட்ரோல் ஊற்றி, அதில் முதல் அரை லிட்டரை இன்ஜெக்டருக்குப் போகவிடாமல் டின்னில் பிடித்தார்கள். மாமா, எஞ்சின் ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பார்த்ததும் ஒரு நல்ல பாடம். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் பெட்ரோல் நாற்றம் அடித்தாலோ, மட்டம் முன்பைவிட ஏறியிருந்தாலோ ஆயிலையும் மாற்றியே ஆக வேண்டும். எனக்கு மாற்ற வேண்டியிருந்தது. எல்லாம் சேர்த்து 310 வெள்ளி. இறக்கிய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, நெருப்புப் பிடிக்கலாம், மண்ணுக்கும் தண்ணீருக்கும் கெடுதல். கழிவு ஆயிலை எடுத்துப்போகும் உரிமம் பெற்றவர்களிடம் பட்டறை கொடுத்துவிட்டது.

நிலையத்தில் தண்ணீர் எப்படி எண்ணெயில் கலந்தது? எண்ணெய் தரைக்கு அடியில் இருக்கும் தொட்டிகளில் இருக்கிறது. லாரி வந்து நிரப்பும் வாய்கள் தரைமட்டத்தில், மூடியிட்ட குழிகளுக்குள் இருக்கும். மேலே முட்டியளவு வெள்ளம் நின்றால், மூடியின் ரப்பர் நைந்திருந்தால், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் நிலையங்களில் நீண்ட அளவுகோலின் நுனியில் ஒரு பசையைத் தடவித் தொட்டிக்குள் விடுவார்கள். தண்ணீர் பட்ட உயரம் வரைக்கும் அந்தப் பசை நிறம் மாறும். பம்பின் உறிஞ்சு குழாயும் தொட்டியின் அடியிலிருந்து சற்று மேலேதான் நிற்கும், கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தாலும் வெளியே வராதபடி. வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பரிசோதனையைச் சரியாகச் செய்யாமல் விற்பனையைத் திறந்ததுதான் தவறு. லாரி எண்ணெய் இறக்கிக்கொண்டிருக்கும்போது ஊற்றாதே என்று பெரியவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு, அடியில் படிந்தது அப்போது கலங்கும். ஒழுங்காகப் பராமரிக்கிற நிலையத்தில் ஃபில்டர் அதைத் தடுத்துவிடும். வெள்ளம் நின்ற நிலையத்தில் நான் அந்த நம்பிக்கையை வைக்க மாட்டேன்.

ரசீதை நான் தூக்கிப் போட்டிருந்தேன். அதுதான் பெரிய வருத்தம். வங்கி அட்டையில் கட்டியதால் தேதி, நேரம், தொகை மூன்றும் வங்கிக் கணக்கில் இருந்தன, அது காப்பாற்றியது. மூடி ஒட்டிய பாட்டில், இறக்கும்போது எடுத்த படங்கள், பட்டறை எழுதிக் கொடுத்த அறிக்கை ஆகியவற்றோடு கணவரும் நானும் நிலையத்துக்குப் போனோம். மேலாளர் முதலில், "தண்ணீர் உங்க தொட்டியிலேயே சேர்ந்திருக்கலாமே" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். கார் வெள்ளத்தில் நிற்கவில்லை, தொட்டி மூடி ரப்பர் நன்றாக இருக்கிறது என்று பட்டறை அறிக்கையிலேயே எழுதியிருந்தது. அன்று ஊற்றிய வேறு சிலரும் வந்து புகார் சொல்லியிருந்தார்கள் என்பது பேச்சுவாக்கில் வெளிவந்தது. உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தில் புகார் பதிவு செய்த பிறகு 310 வெள்ளியைக் கொடுத்தார்கள். பிறையில் செலவழித்த 420 வெள்ளியைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். காயில் மாற்றியதற்கும் தண்ணீருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார்கள். அந்தப் பில்லில் எண்ணெயைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பேசி முடியாவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று வருடங்களுக்குள் போக வேண்டும். அன்று 25,000 வெள்ளி வரைக்கும்தான் கேட்க முடியும், 2019-இல் அதை 50,000 ஆக உயர்த்தினார்கள். நம் மக்களில் பலர் இதை நீதிமன்றம் என்று நினைத்துப் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமே இல்லை. கையில் ஆதாரம் மட்டும் இருக்க வேண்டும். காரைச் சரிசெய்யும் அவசரத்தில், கெட்ட எண்ணெயை முதலில் கொட்டிவிடுபவர்கள்தான் அதிகம்.

இதுவரை சொன்னது கெட்டுப்போன எண்ணெய். தவறான எண்ணெய் என்பது இன்னொரு கதை. 2019-இல் ஒரு நாள் மாலை என் கொழுந்தனார் நிபோங் திபாலிலிருந்து கூப்பிட்டார். குரல் நடுங்கியது. "அண்ணி, டீசல் ஃபோர் வீல்ல ரோன் 95 ஊத்திட்டேன். பதினஞ்சு லிட்டர் போயிருச்சு." இங்கே மஞ்சள் கைப்பிடி ரோன் 95, பச்சை ரோன் 97, கறுப்பு டீசல். வீட்டில் தினமும் மனைவியின் காருக்கு மஞ்சளை எடுத்துப் பழகிய கை, அன்றும் மஞ்சளையே எடுத்துவிட்டது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சாவியைத் திருப்புனீங்களா?" இல்லை என்றார். அப்பாடா என்றிருந்தது. "தொடவே தொடாதீங்க. ஆன் வரைக்கும்கூடத் திருப்பாதீங்க."

காரணம் இது. டீசல் வழவழப்பானது. டீசல் எஞ்சினின் உயரழுத்தப் பம்புக்கு மசகு போடுவதே அந்த டீசல்தான். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் இப்போதைய காமன் ரெயில் எஞ்சின்களில் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். பெட்ரோல் அந்த வழவழப்பைக் கழுவிவிடும். உலோகத்தோடு உலோகம் உரசி, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்ந்து, இன்ஜெக்டர் வரைக்கும் போய்ச் சேரும். சில வண்டிகளில் சாவியை ஆன் வைத்தாலே தொட்டியில் உள்ள பம்ப் ஓட ஆரம்பித்துவிடும், அதனால்தான் அதையும் தடுத்தேன். நியூட்ரலில் போட்டு, நிலையத்துப் பையன்களின் உதவியோடு ஓரமாகத் தள்ளி, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்த் தொட்டியை இறக்கினார்கள். இழுவைக் கூலியோடு 480 வெள்ளியில் முடிந்தது. அவருக்குத் தெரிந்த ஒரு குத்தகைக்காரர் இதே தவறைச் செய்துவிட்டு, கூடக் கொஞ்சம் டீசல் ஊற்றினால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஓட்டிப் போயிருக்கிறார். பம்ப், ரெயில், நான்கு இன்ஜெக்டர் என்று பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் போய்விட்டது.

பெட்ரோல் காரில் டீசல் போவது இதைவிடக் குறைவாகத்தான் நடக்கும். டீசல் துப்பாக்கியின் மூக்கு பொதுவாகப் பெரிது, பெட்ரோல் காரின் வாய்க்குள் எளிதில் நுழையாது. டின்னிலிருந்து ஊற்றும்போதுதான் பெரும்பாலும் மாறிப்போகும். மாமாவிடம் ஒரு பழைய சாகா கார் அப்படி வந்ததாம். கெட்டியான வெள்ளைப் புகை, எஞ்சினுக்குள் கடகடவென்று சத்தம், கழற்றிய பிளக்குகளில் எண்ணெய்ப் பிசுக்கு. டீசல் லேசில் ஆவியாகாது, அதனால் பெட்ரோல் எஞ்சினின் பொறிக்கு அது சரியாகப் பற்றாது. பாட்டிலில் வைத்தாலும் பிரியாது, இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். அதற்கு வெள்ளைத் தாள் போதும். ஒரு சொட்டு விட்டு நிழலில் காயவிட வேண்டும். சுத்தமான பெட்ரோல் தடமே இல்லாமல் பறந்துவிடும். டீசல் கலந்திருந்தால், வடை வைத்த தாள் மாதிரி எண்ணெய்க் கறை நிற்கும். பக்கத்தில் நல்ல பெட்ரோலிலும் ஒரு சொட்டு விட்டு ஒப்பிட்டுப் பார்த்தால் சந்தேகம் இருக்காது.

ரோன் 97 ஊற்ற வேண்டிய காரில் 95 ஊற்றிவிட்டேன் என்று பதறுபவர்கள் உண்டு. அது இந்தக் கணக்கில் வராது. அந்த எண், அழுத்தத்தில் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறனைத்தான் குறிக்கிறது, சுத்தத்தை அல்ல. இப்போதைய கார்களில், அந்த வெடிப்பை உணரும் நாக் சென்சார் பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளிச் சமாளித்துக்கொள்ளும். இழுவை கொஞ்சம் குறையலாம். ஏற்றத்தில் அடிக்காமல் மெதுவாக ஓட்டித் தீர்த்துவிட்டு, அடுத்த முறை சரியானதை ஊற்றினால் போதும்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது மாதக்கணக்கில் அசையாமல் நின்ற கார்களும் எங்கள் அடுக்குமாடியில் கிளம்ப மறுத்தன. பழைய எண்ணெய் கெட்டுவிட்டது என்று சிலர் தொட்டியை இறக்கக் கிளம்பினார்கள். பார்த்தவற்றில் எல்லாமே பேட்டரிதான். பெட்ரோல் பழசாகிக் கெடுவது உண்மைதான். பெயின்ட் மாதிரிப் புளித்த நாற்றம் அடித்து நிறம் கறுத்திருந்தால் நம்பலாம். முதலில் முகர்ந்து பாருங்கள்.

போன மாதம் சித்தப்பா மகன் தன் ஆக்ஸியா காரோடு வந்தான். குலுங்குகிறது, முந்தாநாள்தான் எண்ணெய் ஊற்றினேன், நிச்சயமாகத் தண்ணீர்தான், அந்த நிலையத்தை விடப் போவதில்லை என்று கொதித்துக்கொண்டிருந்தான். என் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். ஒரு கயா பாட்டில் எடுத்தோம். பதினைந்து நிமிடம் வைத்தோம், கோடு விழவில்லை. கேசரிப் பவுடர் அப்படியே அடியில் கிடந்தது. தாளில் கறை இல்லை. ஸ்கேனரில் பி0303, மூன்றாவது சிலிண்டர் மட்டும். மூன்றாவது காயிலை எடுத்து முதலாவதில் மாட்டி, முதலாவதை மூன்றாவதில் மாட்டி ஓடவிட்டோம். கோளாறு பி0301-க்கு மாறியது. காயில் போன இடத்துக்கெல்லாம் கோளாறும் கூடவே போகிறது என்றால் குற்றவாளி அந்தக் காயில்தான். ஒரே ஒரு காயில் வாங்கி அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டோம்.

தாளுக்காகத் தனியாக எடுத்து வைத்திருந்த, பவுடர் போடாத பெட்ரோலைத் தொட்டியிலேயே திரும்ப ஊற்றினான். நிலையத்துக்குப் போவதற்காக எழுதி வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அக்கா, அந்த ரசீது மட்டும் இருக்கட்டும்" என்று டாஷ்போர்டில் செருகினான்.